ஐந்தாம் தென்னைக்கு வடக்கே உள்ள வீடு குறித்து சம்பந்திக்கு

மணல்துறை,
06.08.2013, செவ்வாய்க்கிழமை.

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய சம்பந்தி சிலுவைதாசன் அவர்களுக்கு,

மணல்துறை மரியஜான் வணங்கி எழுதுவது. மேலே அனுப்புநர், பெறுநர், பொருள் என்று மூன்று வரி எழுதி அடித்திருப்பதைத் தாங்கள் பொருட்படுத்த வேண்டாம். அலைத்தடுப்புச் சுவர் கேட்டு ஒன்பது வருடமாக ஊருக்காக ஆட்சியர் அலுவலகத்துக்கு மனு எழுதிப் பழகிய கை இது. பெண் கொடுக்கும் வீட்டுக்கு எழுதும்போதும் தன்னால் அப்படித்தான் ஓடுகிறது. தாங்களும் சம்பந்தியம்மாளும், கொச்சியிலிருந்து ஆழ்கடல் தொழிலுக்குப் போயிருக்கும் மாப்பிள்ளை பெனிட்டோவும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று நானும் வியாகுலம்மாளும் மகள் அபினாவும் தினமும் செபமாலையில் சேர்த்துச் சொல்கிறோம். இங்கு நாங்கள் மூவரும் நலம். இந்தக் கடிதத்தில் இது ஒன்றுதான் மரியாதைக்காக எழுதிய வரி. இனி வருவதெல்லாம் உண்மை.

போனில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். மூன்று முறை போன் போட்டேன். உங்கள் குரலைக் கேட்டதும் வாய் தன்பாட்டுக்கு "மீன்பாடு எப்படி சம்பந்தி?" என்று கேட்டுவிட்டது. நீங்களும் "பரவாயில்ல" என்றீர்கள். நானும் "இங்கயும் பரவாயில்ல" என்று வைத்துவிட்டேன். என் மனைவியும் சம்பந்தியம்மாளும் தினம் ஒரு மணி நேரம் பேசுகிறார்கள். பந்தலுக்கு என்ன நிறத்தில் துணி, சமையலுக்கு யாரைச் சொல்வது, எத்தனை பேர் வருவார்கள், எல்லாம் பேசுகிறார்கள். சொல்ல வேண்டிய ஒன்றை மட்டும் சொல்லவில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முதல் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கப் போகிறார்கள். இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் உண்டென்று அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டும் என்று சாமியார் சபை முன்னால் கேட்பார். எனக்கு ஒரு தடை தெரியும் சம்பந்தி. அது என் வாசலில் வந்து நிற்கிறது.

தை மாதம் நிச்சயத்தன்று சாமியார் முன்னிலையில் நான் என் கைப்பட எழுதிய சீட்டு தங்களிடம் இருக்கிறது. "கடலிலிருந்து ஐந்தாம் தென்னைக்கு வடக்கே உள்ள ஓட்டு வீடும் அதன் முற்றமும் மகள் அபினாவுக்கு" என்று அதில் இருக்கும். நம் கரையில் வீடு பெண்ணுக்குத்தான், மாப்பிள்ளைதான் வந்து குடியேறுவார் என்பது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நீங்களும் அப்படிக் குடிவந்தவர்தான். அன்றைக்கே சாமியார், "சர்வே நம்பர் போட்டுருங்களேன்" என்றார். நான்தான் பெரிய மனிதனாக, "எங்க ஊர்ல சர்வே நம்பர் யாருக்கு சாமி தெரியும்? தென்னைய எண்ணினா போதும், பிள்ளையளுக்குக்கூடத் தெரியும்" என்றேன். பொய்யில்லை. யார் வள்ளம் எங்கே கிடக்கிறது, யார் வலை எங்கே காய்கிறது, யார் வீட்டுக்குப் போகிறீர்கள் என்று எதைக் கேட்டாலும் எங்கள் ஊரில் கடலிலிருந்து தென்னையை எண்ணித்தான் சொல்வோம். என் அப்பன் எண்ணியதும் ஐந்து, நான் எண்ணியதும் ஐந்து.

மே மாதம் முப்பதாம் தேதி கடல் அரித்து முதல் தென்னை விழுந்தது. அன்று மாலை வாசலில் நின்று எண்ணிப் பார்த்தபோதுதான் எனக்கு விஷயம் உறைத்தது. முதல் தென்னை போனால் இரண்டாவது முதலாவதாகிவிடும். ஐந்தாவது என்பது என் வீட்டைத் தாண்டி, வடக்கே சுந்தர்சிங் வீட்டுக் கக்கூஸ் ஓரமாக நிற்கும் தென்னையாகிவிடும். ஆக, சீட்டின்படி அன்று முதல் என் ஒரே மகளுக்கு நான் எழுதிக் கொடுத்திருப்பது சுந்தர்சிங்கின் கக்கூசும் அதற்கு வடக்கே உள்ள பஞ்சாயத்து ரோடும். மறுநாள் காலையிலேயே வடசேரிக்குப் பஸ் ஏறி, ஒரு தென்னம்பிள்ளை வாங்கி வந்து, நாலாவதுக்கும் வீட்டுக்கும் நடுவில் நட்டு, மறுபடி ஐந்தாக்கினேன். சீட்டில் தென்னை என்றுதான் இருக்கிறது, அதன் வயது எழுதவில்லை என்று வியாகுலம்மாளிடம் சட்டம் பேசினேன். உப்புத் தண்ணீரில் அது பிழைக்காது என்று அவளுக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

ஜூலை மாதம் உங்கள் தம்பி சத்தியநேசன், வழியில் இறங்கிப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வருவதாகக் காலையில் போன் செய்தாரே, அன்றைக்கு விடியற்காலம்தான் அடுத்த தென்னை வேர் தெரியக் கடல் பக்கமாகச் சாய்ந்திருந்தது. எங்கள் தெருச் செபக்குழுவான அன்பியத்து ஆட்கள் ஆறு பேரைக் கூப்பிட்டேன். வள்ளம் இழுக்கிற நைலான் கயிற்றை அதன் கழுத்தில் கட்டி, ஏலேலோ போட்டு நிமிர்த்தி, கயிற்றின் மறுமுனையை வீட்டு முன்வராந்தாத் தூணில் இறுக்கிக் கட்டினேன். கடலில் நாற்பது வருடம் தொழில் செய்தவன் போட்ட முடிச்சு. பார்க்க மரம் நேராகத்தான் நின்றது. ஆனால் முற்றத்தின் குறுக்கே ஒரு கயிறு போகிறதே, அதற்கு என்ன சொல்வது? வியாகுலம்மாள் வீட்டில் இருந்த துணி முழுவதையும் நனைத்து அதன் மேல் காயப் போட்டாள். அபினாவின் நிச்சயப் புடவையும் அதில் உண்டு. சத்தியநேசன் வந்தார், தென்னையை ஒன்று, இரண்டு என்று விரலை நீட்டி எண்ணினார், ஐந்து சரி என்று தலையை ஆட்டினார். நான் மூச்சு விட்டேன்.

அதோடு போயிருந்தால் நான் இந்தக் கடிதம் எழுதியிருக்க மாட்டேன். அவர் அந்த மரத்தையே அண்ணாந்து பார்த்து, "ஓய் மரியஜான், வெயில் கொல்லுது. நல்ல கருக்கு கெடக்கே, ஆள விட்டு ரெண்டு வெட்டிப் போடச் சொல்லும்" என்றார். அந்த மரத்தில் ஆள் ஏறினால் ஆளும் மரமும் இளநீரும் ஒன்றாகக் கடலுக்குள் போவார்கள். என் வாயில் என்ன வந்தது தெரியுமா? "அதுல கை வைக்க மாட்டோம் அண்ணாச்சி. அது மாதாவுக்கு நேந்துவிட்ட தென்னை." உங்கள் தம்பி பக்திமான். உடனே செருப்பைக் கழற்றிவிட்டுக் கிட்டே போய், மரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். தொட்டதும் மரம் ஆடியது. "காத்தே இல்லியே, பின்ன எப்படி ஆடுது?" என்றார். வியாகுலம்மாள்தான், "மாதாக்க தென்னைல்லா அண்ணாச்சி, அப்பப்ப ஆடும்" என்றாள். அவர் சிலுவை போட்டுக்கொண்டு, மனம் நிறைந்து, காப்பி குடித்துவிட்டுப் போனார். மாதா பேரைச் சொல்லிப் பொய் சொன்ன பாவத்தைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டேன். உங்களிடம் இப்போதுதான் சொல்கிறேன்.

மறுநாள் பகல் இரண்டு மணி இருக்கும். வேலியேற்றம், கடல் மட்டம் உயரும் நேரம். ஒரு அலை வந்தது, தென்னை போனது. போன மரம் தனியாகப் போகவில்லை. கயிறு விறைத்தது, தூணைப் பிடுங்கியது, தூண் போனதும் வராந்தா ஓடு முழுவதும் இறங்கியது. துணியெல்லாம் கடலில் மிதந்தது. கடைசி வரை முடிச்சு அவிழவில்லை சம்பந்தி. நான் போட்ட முடிச்சு இன்றைக்கு வரை அவிழ்ந்ததில்லை என்று ஏலக்கூடத்தில் நின்று பெருமை பேசியவன் நான். அபினா அந்தத் தூணில்தான் சாய்ந்து உட்கார்ந்து அரிசி பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா கூப்பிட்டாள் என்று எழுந்து உள்ளே ஓர் அடி வைத்திருக்கிறாள். ஓர் அடிதான். நான் ஓடி வந்தபோது தூசிக்கும் தண்ணீருக்கும் நடுவில் முறத்தோடு நின்றாள், முறத்தில் அரிசி சிந்தவில்லை. அழவும் இல்லை. "எப்பா, எனக்கு இந்த வீடு வேண்டாம். எனக்குப் பயமாட்டு இருக்கு" என்றாள். கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கிற பிள்ளை சொல்கிற வார்த்தையா இது?

எனக்கும் பயமாக இருக்கிறது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். வள்ளத்தில் இருக்கும்போது இந்தக் கடலிடம் எனக்குப் பயமில்லை, இன்றைக்கும் இல்லை. கட்டிலில் படுத்திருக்கும்போதுதான் பயம். சுனாமி வந்தது, எல்லோரையும் அழ வைத்தது, ஆனால் அதற்கு ஒரு தேதி இருந்தது. வந்தது, போனது என்று சொல்லலாம். இதற்குத் தேதியே இல்லை. தினம் ஒரு சாண் வருகிறது, வந்தது போவதில்லை. அன்றைக்கு உள்ளே தள்ளி சுனாமிக் குடியிருப்பில் வீடு தருகிறோம் என்று அதிகாரிகள் கேட்டபோது, "எமது மூதாதையர் வாழ்ந்த கரையை விட்டு யாம் அகலோம்" என்று நல்ல தமிழில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவனும் நான்தான். ஊரே கைதட்டியது.

தொழிலையும் கேட்காதீர்கள். சாளை மீன் வர வேண்டிய மாதத்தில் சாளை இல்லை, கடல் சூடு தாங்காமல் எங்கோ போய்விட்டது என்கிறார்கள். கச்சான் காற்று எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்று முன்பெல்லாம் மேகத்தைப் பார்த்துச் சொல்வேன். இப்போது நான் தொழிலுக்குப் போகலாம் என்று சொன்னால் எங்கள் ஆட்கள் வீட்டில் இருந்துவிடுகிறார்கள். கரையில் மணலே இல்லாததால் வள்ளத்தை ஏற்றிவைக்க இடமில்லை. எட்டுக் கிலோமீட்டர் தள்ளித் துறைமுகத்தில் போட்டுவிட்டு, மீனவனாகிய நான் பஸ் பிடித்துக் கடலுக்குப் போகிறேன். மணல்துறை என்று ஊர்ப் பெயர் மட்டும் போர்டில் இருக்கிறது. வியாகுலம்மாள் கருவாடு காயப்போட்டால் பங்குனியில் மழை வருகிறது. அவள் மீன் கொடுத்து அரிசி வாங்கி வரும் சுசீந்திரம் பகவதியம்மாள் வீட்டில், நாற்று நட்டபோது தண்ணீர் இல்லை, அறுக்கப் போனபோது வயல் முழுவதும் தண்ணீர். இரண்டு பேரும் நடையில் உட்கார்ந்து, யாருக்கு அதிகம் போனது என்று பேசித் தீர்த்துவிட்டு, இவள் மீனை விற்காமலும் அவர் அரிசி கொடுக்காமலும் எழுந்துவிடுகிறார்கள்.

போன மாதம் கல்லூரியில் பாடம் எடுக்கும் சுதன் என்ற தம்பி கோயில் மண்டபத்தில் திரை கட்டிப் படம் காட்டினார். உலகம் முழுக்கப் புகை விட்டு விட்டுப் பூமி சூடாகி, பனி உருகி, கடல் வருடத்துக்கு மூன்று மில்லிமீட்டர் ஏறுகிறதாம். "தம்பி, எனக்க வீட்டு முன்ன முப்பது அடி போயிருக்கு. மில்லிமீட்டர வச்சு என்ன செய்ய?" என்று கேட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னார். கடல் கொஞ்சம் ஏறினாலே அலை அதிகமாக உள்ளே வரும், புயலும் காற்றும் கூடும், கரையில் மனிதன் போடும் கல்லும் சேர்ந்து மணலை அரிக்கும் என்றார். எனக்கு மனு எழுதுகிற புத்தி. நோட்டை எடுத்துக்கொண்டு, "செரி, அந்தப் புகைய விடுகவன் பேரும் விலாசமும் சொல்லுங்க" என்றேன். மண்டபமே சிரித்தது. சுதன் சிரிக்கவில்லை. "ஒருத்தர் இல்ல மாமா. பெரிய நாடுகள்தான் நெறைய. ஆனா எல்லாரும் உண்டு. உங்க வள்ளத்து எஞ்சினும் கொஞ்சம் உண்டு" என்றார். பெறுநர் என்ற இடத்தில் யார் பெயரை எழுதுவது என்று தெரியாமல் நான் மூடி வைத்த முதல் மனு அதுதான். அனுப்புநர், பெறுநர் இரண்டு இடத்திலும் என் பெயரே வருகிறது.

இன்னொரு குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் பாறைத்துறையில் கடலுக்குள் கல் கொட்டித் தூண்டில் வளைவு போட வேண்டும் என்று நீங்கள் ரோட்டில் உட்கார்ந்து மறியல் செய்து வாங்கினீர்கள். அது வந்த பிறகுதான் அலை உங்கள் பக்கம் அடங்கி, எங்கள் பக்கம் திரும்பியது. மூன்று வருடத்துக்கு முன்னால், அதை உடனே பிரித்து அகற்ற வேண்டும் என்று ஆட்சியருக்கு ஒரு மனு போனதே, "பாறைத்துறையாரின் பேராசை" என்று அதில் ஒரு வரி இருந்ததே, அதைக் கண்டு உங்கள் ஊர் கொதித்ததே, அந்த மனுவை எழுதியது இந்தக் கைதான். அப்போது நாம் சம்பந்தி இல்லை. இப்போது அந்தக் கல்லைக் கும்பிட வேண்டும் போல இருக்கிறது.

ஆகையால் என் வேண்டுகோள் இதுதான். வழக்கத்தை நாம் இரண்டு பேரும் சேர்ந்து மீறுவோம். மாப்பிள்ளை இங்கே வர வேண்டாம். என் மகளை உங்கள் வீட்டுக்குக் கூட்டிக்கொள்ளுங்கள். வீடில்லாமல் பெண்ணை அனுப்பினான் மரியஜான் என்று இரண்டு ஊரும் சொல்லும். சொல்லட்டும். உங்கள் வீட்டில் சமையல்கட்டு ஓரமாக ஓர் இடம் கொடுத்தாலும் போதும், அவளுக்குக் கால் நனையாமல் தூக்கம் வர வேண்டும். எனக்கும் வியாகுலம்மாளுக்கும் ஒன்றும் வேண்டாம். நாங்கள் இருக்கிற சுவர் இருக்கிறவரை இங்கேயே இருந்துகொள்வோம். தயவுசெய்து ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் ஒரு வார்த்தை சொல்லுங்கள். சம்மதம் என்றால், ஓலை வாசிக்கும்போது நான் தலை நிமிர்ந்து இருப்பேன்.

சம்பந்தியம்மாளுக்கு எங்கள் அன்பு. மாப்பிள்ளை கரை சேர்ந்ததும் என் வாழ்த்தைச் சொல்லவும். உங்கள் வாசலில் என்றும் உலர்ந்த மணல் கிடக்க மாதா அருள் புரியட்டும்.

இப்படிக்கு,
தங்கள் பதிலை எதிர்பார்த்திருக்கும்,
ம. மரியஜான்.

பி.கு.: வியாழன் காலை. இதைத் தபாலில் போட இரண்டு நாளாக மனம் வராமல் சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன். இன்று போட்டே தீர்வது என்று புறப்பட்டபோது போஸ்ட்மேன் உங்கள் கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். நீங்களும் போனில் சொல்ல நா எழவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். தூண்டில் வளைவுக் கல் ஆனி மாதமே கடலில் இறங்கிவிட்டதையும், உங்கள் சமையல்கட்டும் பின்னறையும் போன வாரம் போனதையும், நீங்கள் இரண்டு பேரும் பள்ளிக்கூடத்தில் படுத்திருப்பதையும் படித்தேன். வழக்கப்படி மாப்பிள்ளை எங்கள் வீட்டுக்கு வரும்போது நீங்களும் கூட வந்து கொஞ்ச நாள் இருக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வீடு நல்ல பத்திரமாக இருக்கிறது என்று தம்பி பார்த்துவிட்டு வந்து சொன்ன தைரியத்தில் கேட்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்த வியாகுலம்மாள், "தெனமும் ஒரு மணி நேரம் பேசினாளே, ஒரு வாக்கு சொல்லலியே" என்றாள். "நீ சொன்னியா?" என்று கேட்டேன். கடைசி வரியில், மிச்சமிருக்கும் கட்டிலையும் பீரோவையும் தையல் மெஷினையும் முன்கூட்டியே டெம்போவில் அனுப்பி வைப்பதாக எழுதியிருக்கிறீர்கள். உடனே வேண்டாம் என்று சொல்லப் போன் போட்டேன், மணி அடிக்கிறது, யாரும் எடுக்கவில்லை. டெம்போ வந்துவிட்டது சம்பந்தி. ரோட்டில் நிற்கிறது, உங்கள் பீரோவின் கண்ணாடியில் எங்கள் வீடு முழுதும் தெரிகிறது. டிரைவர் இறங்கி வந்து, "அண்ணாச்சி, சாமான எங்க எறக்கணும்?" என்று கேட்கிறார். அபினா என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். இந்தக் கடிதத்தை அவரிடமே கொடுத்தனுப்புகிறேன். சாமானைத் திருப்பி அனுப்பவா, வைத்துக்கொள்ளவா என்று எனக்குத் தெரியவில்லை. எஞ்சினை அணைக்க வேண்டாம் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.